ஐம்பது வெள்ளி மாலை

நான் பூக்காரி. பெயர் தனலெட்சுமி. பினாங்கில் குவீன் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடுகிற கூரை போட்ட நடைபாதையில், என் பலகை இருக்கிறது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். வாயில்லாதவள் அந்தத் தெருவில் ஒரு முழம் பூ விற்க முடியாது.

நான் சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு டிசம்பரில் நடந்தது. ரப்பர் விலை படுத்துப்போய், தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். டவுனிலும் அதே கதைதான். வேலை இல்லை, கை கால் முடியவில்லை என்றால் லேபர் ஆபீசில் பெயர் எழுதுவார்கள். சீட்டு இலவசம். ஏறிப் போய்ச் சேரவேண்டியதுதான்.

அந்தப் பட்டியலில் இராயப்பன் பெயரும் அவன் பெண்டாட்டி அமலம்மாள் பெயரும் இரண்டு பிள்ளைகள் பெயரும் ஏறிவிட்டன.

அமலம்மாள் ஆறு வருஷமாக என்னிடம் பூக்கட்டுகிறவள். இதே ஊரில் ஜெலுத்தோங்கில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இங்கே மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கடலைக் காட்டுவாள், அவ்வளவுதான் தெரியும். இராயப்பன் ஒன்பது வயதில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவன். அவனுக்கும் அங்கே ஒரு நாதியில்லை. இறக்கிவிட்டால் கடற்கரையில் நிற்கவேண்டியதுதான்.

இராயப்பன் துறைமுகத்தில் காண்ட்ராக்டர் சந்திரசேகரனிடம் வேலை செய்தவன். பெரிய கப்பலிலிருந்து தொங்கான் படகில் சரக்கு இறக்குகிற வேலை. ஆகஸ்டு மாதம் ஒருநாள் அரிசி மூட்டை கட்டிய சங்கிலி நழுவி, ஆறு மூட்டையும் அவன் இடது காலில் விழுந்தன. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சந்திரசேகரன் வந்து பார்த்து, பத்து வெள்ளியும் ஒரு டின் பிஸ்கோத்தும் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே நூறு காசுதான் ஒரு வெள்ளி. பிஸ்கோத்து நல்ல பிஸ்கோத்துதான், பிள்ளைகள் தின்றன.

ஆனால் இராயப்பனுக்கு ஒரு வழி இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் முன் மூன்று வருஷம் ஒரு தையல்காரரிடம் வேலை பழகியவன் அவன். பினாங் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் அதைக் கேள்விப்பட்டு அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மாசக் கடைசியில நோம்பு வருது. பெருநாளுக்குச் சட்டை தைக்க எனக்கு ஆள் பத்தாது. ஒரு கை மிஷின் மட்டும் கொண்டு வா, என் கடை அஞ்சடியில ஒக்காந்துக்க. நீ எங்கிட்ட வேலை செய்யிறேன்னு லேபர் ஆபீசுக்கு நானே கடிதாசி தர்றேன். பட்டியல்ல பேரை அடிச்சுடுவாங்க."

காலால் மிதிக்கும் மிஷின் அவனுக்குச் சரிப்படாது. கையால் சுற்றுகிற மிஷின் வேண்டும். கேம்பல் ஸ்திரீட்டில் பழைய சாமான் விற்கும் சீனர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. நாற்பத்தைந்து வெள்ளி. ஒரு காசு குறைக்கமாட்டேன் என்றார். பதினேழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். கப்பல் இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை. பெயரை அடிக்கவேண்டுமானால் திங்கள் மத்தியானத்துக்குள் கடிதம் போய்ச் சேரவேண்டும்.

இந்த நேரத்தில்தான் தமிழர் சகாய சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். இராயப்பன் குடும்பத்துக்காகத் தர்ம நாடகம் போடப்போகிறோம், வசூல் முழுக்க அவனுக்கே என்றார்கள். செயலாளர் ராமதாஸ் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி. கோட்டுக்கு மேல் துண்டு போடுகிற மனுஷர். மாலைக்கு ஆர்டர் கொடுக்க என் பலகைக்கே வந்தார். மேடையில் போட முப்பத்திரண்டு சின்ன மாலை, ஏலத்துக்கு ஆளுயர மாலை இரண்டு.

மாலை ஏலம் என்றால் எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. கூட்டத்தின் நடுவில் மாலையைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறுவார்கள். நல்ல காரியத்துக்கு என்பதால் நாலு வெள்ளி மாலை நாற்பதுக்கும் போகும். எடுத்தவர் அதைக் கொண்டுபோய்க் கடை வாசலிலோ ஆபீஸ் வாசலிலோ மாட்டிவைப்பார். காய்ந்து சருகாகும்வரை தொங்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்து, இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று பேசவேண்டும், அதுதான் அதன் மவுசு.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன மாலை ஐம்பது காசு, பெரிய மாலை நாலு வெள்ளி, இதுதான் என் விலை. ராமதாஸ் விலை கேட்டபோது முக்கால் வெள்ளி என்றும் ஆறு வெள்ளி என்றும் சொன்னேன். பொதுப் பணம்தானே, யார் தலையில் விழப்போகிறது என்று ஒரு நினைப்பு. அவரும் பேரம் பேசவில்லை. மொத்தம் முப்பத்தாறு வெள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து சம்பங்கி தொடுத்துக்கொண்டிருந்தாள் அமலம்மாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலை நிமிரவில்லை. அந்த மாலைகளையும் அவள்தான் இரண்டு நாள் குனிந்து கட்டினாள்.

பத்தாம் தேதி சனிக்கிழமை நாடகம். கொட்டகை நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் நானும் அமலம்மாளும் உட்கார்ந்தோம். திரை தூக்குமுன் பிரசங்கம். மேடையில் ஒன்பது நாற்காலி, ஒன்பதிலும் பெரிய மனிதர்கள். இராயப்பனை ஓரத்தில் இரண்டு கட்டையை ஊன்றி நிற்கவைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். இரக்கம் என்றார்கள், ஈகை என்றார்கள், தமிழன் பெருமை என்றார்கள். ஒற்றைக் காலில் நிற்கிறவனுக்கு ஒரு நாற்காலி போடவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தியிருப்பேன், அமலம்மாள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு மாலை மரியாதை. தலைவருக்கு மாலை, தலைவரின் மச்சினருக்கு மாலை, ஆர்மோனியக்காரருக்கு, கொட்டகை மானேஜருக்கு, திரை வரைந்தவருக்கு, சோடா கொடுத்தவருக்கு. நான் விற்ற மாலையாயிற்றே, எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்திரண்டு கழுத்து. கடைசியில் இராயப்பன் முறை வந்தபோது கூடை காலி. ராமதாஸ் திருதிருவென்று விழித்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

அப்புறம் ஏலம். ராமதாஸ்தான் கூறினார். முதல் மாலையைப் பணம் மாற்றும் கடை ஹபீப் முகம்மது இருபது வெள்ளிக்கு எடுத்தார். எடுத்த கையோடு பையைத் திறந்து மேடையிலேயே எண்ணி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது மாலை தூக்கியதும் முன்வரிசையில் சந்திரசேகரன் எழுந்தார். யார் காலை அரிசி மூட்டை நசுக்கியதோ அந்த ஆளின் முதலாளி.

"அம்பது!" என்றார்.

கொட்டகை அதிர்ந்தது. விசில் பறந்தது. எடுத்த எடுப்பில் ஐம்பது என்றால் அதற்குமேல் யார் கேட்பார்கள்? ராமதாஸ் ஒரு தரம், இரண்டு தரம், என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரம் சொல்லும்போது அவர் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அமலம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, எழுவது ஆச்சு! மிஷினுக்கு மேலேயே ஆச்சு! டிக்கட்டுக் காசு வேற இருக்கு!"

அவள் சிரித்து நான் நாலு மாதமாகப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து நேரே என் பலகைக்கு வந்தாள். சங்கத்திலிருந்து ராத்திரியே கொடுத்தனுப்பிய கவரை நீட்டினாள். நான் பிரித்தேன். பதினோரு வெள்ளி. கவருக்குள் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உதறினேன். ஒன்றுமில்லை.

"பதினொண்ணு, அக்கா," என்றாள். "அவரு ராத்திரியெல்லாம் எண்ணி எண்ணிப் பாத்தாரு."

திங்கட்கிழமை சங்கத்துக்குப் போனேன். மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, ராமதாஸ் சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கினாலும் நான் நிற்கவில்லை.

"கிராணி ஐயா, கொட்டகை நெறஞ்ச வசூலு. பதினோரு வெள்ளியா? மிச்சத்தை யாரு தின்னது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். பிறகு எனக்குப் படிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து தானே படித்தார்.

"வசூல், ஹபீப் முகம்மது குடுத்ததையும் சேத்து நூத்தி எழுவத்தி மூணு. கொட்டகை வாடகை நாப்பத்தஞ்சு. உடுப்பு, திரை, வெளக்கு நாப்பது. பக்கவாத்தியம் இருவத்திரெண்டு. நோட்டீஸ் பத்து. தேத்தண்ணி, பலகாரம் ஒம்பது."

"தர்ம நாடகத்துக்கு நாப்பத்தஞ்சு வெள்ளி வாடகையா? அந்தக் கொட்டகைக்காரனுக்கு மனசு இல்லையா? மாலை வேற போட்டீங்களே அவனுக்கு!"

"எல்லாரும் அவங்கவங்க கூலியத்தாம்மா வாங்கினாங்க. ஒருத்தரும் திருடல."

"ஒருத்தன்கூடவா குறைச்சுக்கல?"

அவர் தாளில் கடைசி வரியில் விரலை வைத்தார். "மாலை, தனலெட்சுமி, முப்பத்தாறு. நீங்க குறைச்சீங்களாம்மா?"

நூற்று எழுபத்து மூன்றில் கொட்டகைக்கும் உடுப்புக்கும் அடுத்து நான் நிற்கிறேன். இராயப்பன் வாங்கியதைப்போல மூன்று மடங்கு நான் வாங்கியிருக்கிறேன். யார் தலையில் விழப்போகிறது என்று நினைத்தேனே, பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டியவள் தலையில்தான் விழுந்திருக்கிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே சம்பங்கி தொடுத்தாள். சீ என்று இருந்தது.

"சரி, அந்த அம்பது?" என்று மட்டும் கேட்டேன்.

"அது வரணும்," என்றார் ராமதாஸ், பேனாவை மூடித் திறந்துகொண்டு.

"எப்ப வரும்?"

"பெரிய மனுசரும்மா. கழுத்துல துண்டு போட்டா கேக்க முடியும்? வரும்."

வீட்டு வாடகைக்கு எடுத்து வைத்திருந்ததிலிருந்து பன்னிரண்டு வெள்ளி எடுத்தேன். நான் கூட வைத்து வாங்கியது சரியாகப் பன்னிரண்டு. என் வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில் ரோட்டு வேலை செய்கிறவர். "வாடகைக்கு எங்கே போவே?" என்று கத்தினார். நானும் கத்தினேன். பன்னிரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாளே ராமதாஸிடம் போனேன்.

"இது இராயப்பனுக்கு. இதுல ஆறு வெள்ளி அந்த ஏலத்து மாலையோட விலை. நான் திருப்பிட்டேன். அந்த மாலை இனிமே சங்கத்தோடது இல்ல, என்னோடது. அப்படின்னு ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா இது?"

"எழுதுங்க, சொல்றேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று நான் சொல்லவில்லை.

பதினொன்றும் பன்னிரண்டும் இருபத்து மூன்று. இன்னும் இருபத்திரண்டு வேண்டும். புதன்கிழமை துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீயில் சந்திரசேகரன் ஆபீசுக்குப் போனேன். மாலை வாசல் நிலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா கறுத்துப்போய், ஜரிகை மட்டும் மின்னியது. "சங்கம் மொதல்ல கணக்கை அச்சடிச்சுப் போடட்டும், பாத்துட்டுத் தர்றேன்," என்றார். வியாழக்கிழமையும் போனேன். அதையே சொன்னார். ராமதாஸிடம் கணக்கு எங்கே என்று நான் கேட்டேன், அவரும் அதையேதான் கேட்கிறார். நான் கேட்டது பணம் போய்ச் சேரவில்லையே என்று. அவர் கேட்டது பணம் கொடுக்காமல் இருக்க. எப்படி இருக்கிறது பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் சம்பளம். அந்த நேரம் பார்த்து அமலம்மாளையும் கூட்டிக்கொண்டு, உட்காருகிற முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு சந்திரசேகரன் உட்கார்ந்திருந்தார். எதிரே முப்பது பேர் வரிசை. தலையில் துண்டு, முதுகில் அரிசித் தூசி. எல்லாரும் இராயப்பனோடு மூட்டை தூக்கியவர்கள். வரிசையில் முதலில் பிச்சைமுத்து நின்றான். கால் நசுங்கிய அன்று இராயப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

நிலைக்கு நேரே முக்காலியைப் போட்டேன், ஏறினேன், ஆணியிலிருந்து மாலையைக் கழற்றினேன். காய்ந்த இதழ் பொலபொலவென்று மேசைமேல் கொட்டியது.

"ஏ, பூக்காரி! என்ன பண்றே?" சந்திரசேகரன் எழுந்துவிட்டார்.

"என் மாலைய எடுத்துக்கிறேன் காண்ட்ராக்டர் ஐயா. ஏலத்துல எடுத்தீங்க, காசு தரல. காசு வராத மாலை குடுத்தவளோடது. இந்தாங்க, சங்கத்துச் சீட்டு."

சீட்டைப் படித்தார். காது சிவந்தது. வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்து ஆபீஸ்களிலிருந்து இரண்டு காண்ட்ராக்டர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் எங்க ஏலம் எடுத்தேன்?" என்று கத்தினார் சந்திரசேகரன். "அந்த ராமதாஸ்தான் முன்னாடியே வந்து கேட்டுக்கிட்டான். நீங்க ஒசத்திக் கேட்டு ஆரம்பிச்சு வைங்க, மத்தவங்க ரோசப்பட்டு ஏத்துவாங்க, உங்க தலையில நிக்காதுன்னு சொன்னான்! எவனும் ஏத்தல. அதுக்கு நானா பொறுப்பு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு அந்த ராத்திரி ராமதாஸ் முகம் சுருங்கியது ஞாபகம் வந்தது. அடப் பாவிகளா! ஒருத்தர் கொடுக்காத பணத்தைக் கூவச் சொன்னார், இன்னொருத்தர் கூவினார், நாங்கள் கையைத் தட்டினோம். அமலம்மாள் மட்டும்தான் அதை உண்மையென்று எண்ணி மனசுக்குள் மிஷினே வாங்கிவிட்டாள்.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "வா அக்கா, போலாம்," என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, முக்காலியிலிருந்து இறங்காமலேயே மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

"மாலை ஏலம்! இராயப்பனுக்குத் தையல் மிஷினுக்கு இருவத்திரெண்டு வெள்ளி கொறையுது. காஞ்ச மாலைதான். ஆனா காண்ட்ராக்டர் வாசல்ல ஒரு வாரம் தொங்கின மாலை. எடுக்கிறவங்க எங்க வேணா மாட்டிக்கலாம். காசு இப்பவே கையில வைக்கணும். ஒரு வெள்ளி! யாரு கேக்குறா?"

"ரெண்டு வெள்ளி," என்றான் பிச்சைமுத்து. பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "நாங்க எல்லாருமாச் சேந்து கேக்குறோம்லா. எங்க கொங்சி வீட்டு வாசல்ல மாட்டுறோம். மாட்டி, இது எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதியும் வைக்கிறோம்."

சிரிப்பு வெடித்தது. முப்பது பேர் படுத்தெழும் அந்தக் கொங்சி வீடு பெரிய ரோட்டின்மேல் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பக்கத்துக் காண்ட்ராக்டர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் சந்திரசேகரனைச் சுட்டது.

"பத்து!" என்றார். அதோடு முடித்துவிடலாம் என்ற நினைப்பு.

"பன்னெண்டு," என்றான் பிச்சைமுத்து.

"பதினஞ்சு."

"பதினெட்டு."

"இருவது!" மேசையைத் தட்டினார் சந்திரசேகரன்.

இரண்டு வெள்ளி குறைகிறது. "இருவது வெள்ளி, ஒரு தரம்," என்றேன். பிச்சைமுத்து அமலம்மாளைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான்.

"இருவத்திரெண்டு," என்றான்.

சந்திரசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நின்றுவிட்டார் என்றே நினைத்தேன். அந்த வருஷம் துறைமுகத்தில் நாள் கூலி ஐம்பது காசு, அதுவும் வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிர்ஷ்டம். வரிசையில் ஒருவரும் இன்னும் சம்பளமே வாங்கவில்லை. அங்கே இருபத்திரண்டு வெள்ளி எங்கிருந்து வரும்? ராமதாஸ் செய்த அதே வேலையை நான் இவர்கள் தலையில் கட்டிவிட்டேனே!

ஆனாலும் கூறித்தானே ஆகவேண்டும்? "இருவத்திரெண்டு, ஒரு தரம்." மூச்சு விட்டேன். "இருவத்திரெண்டு, ரெண்டு தரம்."

பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் உரக்கச் சொன்னார்: "விடுங்க சந்திரசேகரன், கூலிக்காரனுங்க எடுத்துட்டுப் போகட்டும். உங்களுக்கு எதுக்கு வீண் செலவு!"

"இருவத்தஞ்சு!" என்றார் சந்திரசேகரன்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லி முடிக்கும்போதே அவர் மேசைமேல் இருந்த சம்பளப் பையில் கையை விட்டார்.

"அது இவங்க கூலி ஐயா," என்றேன். "உங்க பணத்த எடுங்க."

முறைத்தார். உள்ளே போனார், பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது, ஐந்து ஐந்து வெள்ளித் தாள்களோடு வந்து என் கையில் அடித்தார். நான் மாலையை அவர் மேசைமேல் வைத்தேன். அன்றைக்கும் மாட்டவில்லை, அதற்குப் பிறகும் மாட்டவில்லை. என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

கேம்பல் ஸ்திரீட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் பிச்சைமுத்துவைப் பிடித்தேன். "ஏன்டா, அவரு இருவத்திரெண்டுல நின்னிருந்தா என்னடா பண்ணியிருப்பே? உன் மடியில எவ்வளவு இருந்துச்சு?"

அவன் மடியை அவிழ்த்துக் காட்டினான். ஏழு காசும் ஒரு சுருட்டும் இருந்தன.

"நின்னிருந்தா குடுத்திருப்போம் அக்கா," என்றான். "இன்னிக்கு வர்ற கூலியில எல்லாருக்கும் பாதி போயிருக்கும். கேட்டதுக்குக் குடுக்கத்தானே வேணும்?"

விளையாட்டாகச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பின்னால் நின்ற முப்பது பேரும் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல நின்றார்கள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. நான் கடைத்தெருவில் அழுகிறவள் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றி அலாவுதீன் கடை அஞ்சடியில் இறக்கினோம். நாற்பத்தைந்து போக மூன்று வெள்ளி மிச்சம். அதில் நூலும் ஊசியும் எண்ணெயும் வாங்கினாள் அமலம்மாள். அலாவுதீன் அப்போதே கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை காலை லேபர் ஆபீசில் நாலு பெயரையும் அடித்தார்கள்.

அன்று மத்தியானமே ராமதாஸ் என் பலகைக்கு வந்தார். துறைமுகத்துச் சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது.

"எல்லா ஊர்லயும் அப்படித்தாம்மா ஏலத்தை ஆரம்பிக்கிறாங்க," என்றார். "நான் என் சட்டைப் பையில ஒரு காசு போட்டுக்கல."

"தெரியும்," என்றேன். "நீங்க போட்டுக்கல, நான் போட்டுக்கிட்டேன். அடுத்த தடவை மாலை வேணும்னா வாங்க. சின்னது அம்பது காசு, பெருசு நாலு வெள்ளி. ஆனா மேடையில நாலு மாலைக்கு மேல கட்டித் தரமாட்டேன். ஒண்ணு யாருக்காக நாடகம் போடுறீங்களோ அவங்களுக்கு. மொதல் மாலை அது. ஒரு நாற்காலியும் போடணும்."

அந்தச் சங்கம் அதற்குப் பிறகு எனக்கு ஒருதரமும் ஆர்டர் கொடுக்கவில்லை. போகட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கப்பல் புறப்பட்டது. குவீன் ஸ்திரீட் வரை அதன் சங்கு கேட்கும். நீளமாக மூன்று தரம் ஊதியது. தெருவில் போனவர்கள் நின்று கடற்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அமலம்மாள் தலை நிமிரவில்லை. விரல் மட்டும் ஒருதரம் நின்றது, பிறகு மல்லிகையைச் சேர்த்து முடிச்சுப் போட்டது.

"அக்கா," என்றாள், "நூல் தீந்துடுச்சு. இன்னொரு கண்டு எடுத்துக் குடு."